மெஸ் பில் யார் தலையில?

நாகர்கோவில் பக்கம் எந்த ஹாஸ்டல்ல வேணா கேட்டுப் பாருங்க, மெஸ் 'டிவைடிங் சிஸ்டம்'னா ஒரு புலம்பல் நிச்சயம். பக்கத்து ரூம்காரன் தினமும் ரெண்டு ஆம்லெட் எக்ஸ்ட்ரா வெட்டுவான். மாசக் கடைசியில அந்தக் காசு, கஞ்சியும் பயறும் மட்டும் சாப்பிட்ட உங்க பில்லுலயும் ஏறி நிக்கும்!

கம்ப்யூட்டருக்குள்ளேயும் இதே கூத்துதான். ஒரே சர்வர்ல பத்து பேரோட புரோகிராம் ஓடுது. அதுல ஒண்ணு மெமரியை அள்ளித் தின்னுது. மெமரி தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் 'ஓ.ஓ.எம். கில்லர்'ங்கிற அடியாளை எழுப்பி விடும். பெரும்பாலும் பெரிய உருப்படியா பார்த்துத்தான் அது கை வைக்கும். அது உங்க ரிசல்ட் இருக்கிற டேட்டாபேஸா இருந்தா? தின்னது ஒருத்தன், செத்தது இன்னொருத்தன்!

இதுக்கு வழி கண்டவர்கள்ல முக்கியமானவர் ஐ.பி.எம்.மில் இருந்த பல்பீர் சிங். ரஷ்யாவின் பாவெல் எமெல்யானோவும் கைகோத்தார். 2008 ஏப்ரல்ல வந்த 2.6.25 கெர்னல்ல 'மெமரி கன்ட்ரோலர்' சேர்ந்தது. ஐடியா சிம்பிள். புரோகிராம்களை குரூப் குரூப்பா பிரிச்சு, ஆளுக்கொரு பற்று நோட்டு. ஒரு 4 கே.பி. பக்கத்தை எந்த குரூப் முதல்ல தொடுதோ, அது அந்த குரூப் கணக்குல ஏறும். லிமிட் தாண்டினா அடி அந்த குரூப்புக்குள்ளேயே விழும். 2013ல வந்த டாக்கர் நிக்கிறதும் இந்த மாதிரி கணக்குகள் மேலதான்.

ஆனா ஒரு சிக்கல். பற்று நோட்டையும் மெமரியிலதானே வைக்கணும்? ஆரம்ப காலத்துல பக்கத்துக்கு 5 பாயின்டர், அதாவது 40 பைட். 1 ஜி.பி.ல 2,62,144 பக்கம் இருக்கு. பெருக்கிப் பாருங்க, நோட்டுக்கு மட்டும் 10 எம்.பி! கோட்டாறு பலசரக்குக் கடையில கணக்குப்பிள்ளையே சரக்கைத் தின்ன கதை. 2007லயே பல்பீரும் வைத்தியநாதன் ஸ்ரீனிவாசனும் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டுல கொடுத்த கட்டுரை, இந்தக் கணக்கால வேகம் என்னாகும்னுதான் அலசுச்சு.

அப்புறம் பல பேர் வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா செதுக்கினாங்க. 2015 பிப்ரவரியில வந்த 3.19 கெர்னல்ல, மிஞ்சி இருந்த ஒரே பாயின்டரை ஜோஹன்னஸ் வைனர் பக்கத்தோட சொந்த விவரத்துக்குள்ளேயே சேர்த்துட்டார். இப்போ 1 ஜி.பி.க்கு 2 எம்.பி.தான். புதுசா எதையும் சேர்க்கல, தேவையில்லாததைக் கழிச்சார். அதுவும் பெரிய புரோகிராமிங்தான்.

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பரை 'பாஸானா போதும்'னு தள்ளி விடுறவங்க இதை யோசிங்க. கெர்னல் திறந்த புத்தகம். திருத்தத்தை மெயில்லயே அனுப்பலாம். அதுக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறி பெங்களூர் போகணும்னு இல்லை.

இந்த வார ஹோம்வொர்க்: லேப்ல லினக்ஸ் இருந்தா சி-குரூப் ஃபோல்டர்ல ஏதாவது ஒரு குரூப்பைத் திறந்து, 'மெமரி டாட் கரண்ட்' ஃபைலைப் பாருங்க. யார் எவ்வளவு தின்னாங்கன்னு பைட் பைட்டா இருக்கும்.

உங்க மெஸ் மேனேஜர்கிட்டயும் காட்டுங்க மக்கா!