அச்சம் அவிசுவாசம் அன்று

நோயாளியைக் காண வருவோர் கையில் பழப்பையும், வாயில் ஓர் அறிவுரையும் கொண்டு வருவது நம் ஊர் வழக்கம். "பயப்படாதே, விசுவாசமாயிரு" என்பதே அந்த அறிவுரை. அன்பினால் சொல்லப்படும் சொல்தான் அது. ஆயினும் கட்டிலில் கிடப்பவரின் செவியில் அது வேறு விதமாக விழுவதுண்டு. 'எனக்குப் பயமாக இருக்கிறதே, அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லையோ? அதனால்தான் நோய் தீரவில்லையோ?' என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார். நோயின் பாரத்தோடு குற்றவுணர்வின் பாரமும் அவர் நெஞ்சில் ஏறிவிடுகிறது.

இந்த இரண்டாம் பாரத்தை யாரும் சுமக்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. கிறிஸ்தவத் திருமறை அச்சத்தை அவிசுவாசம் என்று கணக்கிடவில்லை. அச்சம் உள்ளபோதே அடுத்த அடியை எடுத்து வைக்க ஒருவருக்குத் துணை நிற்பதையே அது விசுவாசம் என்று காட்டுகிறது.

நம் பகுதி மக்களின் அச்சம் வெறும் கற்பனையும் அன்று. மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் மழை பொய்த்தால் வயிறு காயும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஊர்களில் ஒரு சிறு உராய்வு ஓர் அறையையே எரித்துவிடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை இம்மாவட்டத்தில் மறந்தவர் இலர். தீக்காயத்தோடு கிடப்பவருக்கு நாளை கட்டு மாற்றுவார்களே என்ற அச்சம் ஒன்று. உடல் தேறினாலும் அதே வேலைக்குத்தான் திரும்ப வேண்டுமோ என்ற அச்சம் மற்றொன்று. வெளியே யாரோ ஒருவர் வெடி கொளுத்தினால் உடல் தானே துள்ளிவிடுகிறது. இத்தகையவரிடம் போய் 'பயப்படாதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுவது எவ்வளவு எளிது!

தோட்டத்தில் ஓர் இரவு

கெத்சமனே தோட்டத்தில் இயேசு பெருமான் கழித்த கடைசி இரவை நினைத்துப் பாருங்கள். தம் ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துயரில் இருப்பதாக நண்பரிடம் வெளிப்படையாகச் சொன்னார். வரவிருக்கும் துன்பம் தம்மை விட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று ஒரு முறை அன்று, மும்முறை வேண்டினார். அவருடைய வியர்வை இரத்தத் துளிகள் போல் நிலத்தில் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். இதனை எவரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லை. கடவுளின் திருமகனே நடுங்கிய ஓர் இரவு உண்டென்றால், அறுவைச் சிகிச்சைக்கு முந்திய இரவில் நாம் நடுங்குவது பாவம் ஆகாது.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. தம்மோடு விழித்திருக்கும்படி அவர் கேட்டுக்கொண்ட மூவரும் உறங்கிவிட்டனர். கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்தபடியே கண்ணயர்ந்து, பிறகு அதற்காக மனம் நோகும் துணைவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். மனம் விரும்பினாலும் உடல் தளர்ந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். உறங்கிய அந்த நண்பரை அவர் கைவிடவும் இல்லை.

'படகில் அஞ்சிய சீடரை இயேசு கடிந்துகொண்டாரே' என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் மாற்கு எழுதிய வரிசையைப் பாருங்கள். முதலில் எழுந்து காற்றையும் கடலையும் அடக்கினார். அதன் பிறகே சீடரிடம் கேள்வி கேட்டார். அஞ்சியவர்களை அவர் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. மேலும், 'அஞ்சாதே' என்ற சொல் திருமறையில் வரும் பல இடங்களில், 'நான் உன்னோடு இருக்கிறேன்' என்ற பொருள்பட ஒரு வாக்குறுதியும் சேர்ந்தே வருகிறது. ஆகவே அச்சொல்லைச் சொல்ல வருபவர் சிறிது நேரமேனும் உடன் அமரவும் ஆயத்தமாக வர வேண்டும்.

அச்சம் உடலிலும் வேலை செய்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, வலி மிகுதியாகத் தெரிகிறது. மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடும்போது உடல் சற்றுத் தளர்கிறது. அம்மூச்சோடு சேர்த்து இரண்டு மூன்று சொற்களாலான சிறு ஜெபம் ஒன்றைச் சொல்லிக்கொள்வது கிறிஸ்தவ மரபில் நெடுங்காலமாக உள்ள பழக்கம். நீண்ட ஜெபத்துக்கு வலி இடம் தராத நாளில் அதுவே போதும். கட்டு மாற்றும் நாளில் வலியைக் குறைக்கும் மருந்தை முன்னதாகத் தர இயலுமா என்று செவிலியரிடம் கேட்பதும் விசுவாசக் குறைவு ஆகாது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவரே பக்திமான் என்று எங்கும் எழுதப்படவில்லை.

மார்த்தாளின் மனம்

நோயாளியை அச்சம் வாட்டினால், துணைவரை வாட்டுவது சிதறும் மனம். மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள், வட்டிக்கு வாங்கிய பணம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் கைப்பேசி. மருத்துவர் வந்து சொல்லிப் போனது என்னவென்று அரை மணி நேரத்துக்குப் பின் கேட்டால் ஒன்றும் நினைவில் இராது.

லூக்கா எழுதிய நற்செய்தியில் வரும் மார்த்தாள் இத்தகையவள். பல வேலைகளால் இழுபட்டுக் கலங்கிய அவளை இயேசு பெயர் சொல்லி இருமுறை அழைத்து, தேவையானது ஒன்றே என்று நினைவூட்டினார். இந்தப் பகுதியைக் கொண்டு மார்த்தாளைக் குறை சொல்லும் பிரசங்கங்கள் பல. ஆனால் யோவான் எழுதிய நற்செய்தியில் இதே மார்த்தாள் நோயுற்ற லாசருவின் சகோதரியாக மீண்டும் வருகிறாள். இயேசுவுக்குச் செய்தி அனுப்பிக் காத்திருந்து, சகோதரனை இழந்தவள் அவள். இயேசு ஊரை நெருங்கினார் என்று கேட்டவுடன் வீட்டில் இராமல் எதிர்கொண்டு போய், 'நீர் இங்கே இருந்திருந்தால் அவன் இறந்திருக்க மாட்டானே' என்ற தன் மனக்குறையை நேரே சொன்னாள். அவள் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். தன் விசுவாசத்தை அவள் அறிக்கையிட்டதும் அந்த உரையாடலில்தான். துணைவரும் தம் மனக்குறையை இறைவனிடம் இப்படியே நேராகச் சொல்லலாம்.

ஒன்றே தேவை என்பதை மருத்துவமனையில் எப்படிக் கடைப்பிடிப்பது? சிறு குறிப்பேடு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை இரவிலேயே எழுதிவிடுங்கள். அவர் சொல்லும் பதிலையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். உறவினர்க்குச் செய்தி சொல்லும் பொறுப்பை வீட்டிலுள்ள ஒருவரிடம் ஒப்படையுங்கள். நாளில் ஒரு கால் மணி நேரம் கைப்பேசியை அணைத்துவிட்டு, நோயாளியின் கையைப் பற்றியபடி சும்மா அமர்ந்திருங்கள். அந்தக் கால் மணி நேரம் வீணாவதில்லை. மார்த்தாளுக்கு நினைவூட்டப்பட்ட நல்ல பங்கு அது.

சூரைச் செடியின் நிழலில்

அச்சத்தையும் சிதறலையும் கடந்து வருவது மலைப்பு. 'இனி என்னால் ஆகாது' என்று மனம் உட்கார்ந்துவிடும் நிலை அது. கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசியே, யேசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடினார். உடன் வந்த ஊழியனைப் பெயர்செபாவில் விட்டுவிட்டுத் தனியே பாலைவனத்துக்குள் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி வேண்டினார்.

வந்த தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் தந்து எழுப்பினான். அவர் உண்டு, மறுபடியும் உறங்கினார். தூதன் இரண்டாம் முறையும் உணவு தந்தான். வழி நெடிது என்றான். கடவுளோடு எலியா பேசியது அதற்குப் பிறகுதான். சோர்ந்தவருக்கு இறைவன் முதலில் அனுப்பியவை உணவும் உறக்கமுமே என்பதைத் துணைவர்கள் மறந்துவிடலாகாது. மூன்று நாள் சரியாக உண்ணாமல், உறங்காமல் காவலிருப்பவருக்கு எல்லாம் இருண்டு தோன்றுவது இயல்பு. ஊழியனைத் திருப்பி அனுப்பாதிருங்கள். ஓர் இரவு மாற்றிவிட வருகிறேன் என்று சொல்லும் உறவினரிடம் 'வேண்டாம்' என்று சொல்லாதிருங்கள். எலியாவைப் போல் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால், அதனை மறைக்காமல் மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். எலியாவின் அந்த விண்ணப்பத்தைக் கேட்டும் இறைவன் அவரைப் பழிக்கவில்லை.

குணமாகாத விசுவாசிகள்

விசுவாசம் இருந்தால் குணமாகிவிடும், குணமாகாவிட்டால் விசுவாசம் இல்லை என்று அளப்பவர்களுக்கு நம் மண்ணே மறுமொழி சொல்கிறது. கேம்பிரிட்ஜில் கற்ற ராக்லாந்து ஐயர் 1854 முதல் வட திருநெல்வேலி ஊர்களில் கூடாரமடித்து ஊழியம் செய்தவர். நுரையீரல் நோய் அவரை விடவில்லை. 1858 அக்டோபர் 22 அன்று, 43 வயதில், சிவகாசியில் மறைந்தார்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பின்னாளில் எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் 1867இல் பிறந்து, 1895இல் இந்தியா வந்து, தாயகம் திரும்பாமலே திருநெல்வேலிச் சீமையில் ஆபத்திலிருந்த குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் மாலை இருளில் ஒரு குழியில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றே எண்ணினர். அவருக்காக ஜெபித்தவர் பலர். ஆயினும் 1951 ஜனவரியில் இறக்கும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே நோயாளியாக வாழ்ந்தார். நலமாயிருப்போர் நோயாளிகளுக்கென எழுதிய ஆறுதல் நூல்கள் நோயுற்ற மனத்தைத் தொடுவது அரிது என்று உணர்ந்து, நோயுற்றவர் நோயுற்றோர்க்கு எழுதும் மடல்களாகத் தாமே எழுதினார். 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற பெயரில் 1933இல் அவை நூலாயின. அந்த அறையிலிருந்து மேலும் பல நூல்கள் வெளிவந்தன.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் மற்றொரு சான்று. 1954இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்வை இழந்தார். இளம் மருத்துவர் ஒருவர் ஒரே நாளில் நிரந்தர நோயாளி ஆனார். அவரும் கலங்கினார், வாழ்வு முடிந்தது என்றே கருதினார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூரில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பின் பயன். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் கால்கள் கடைசிவரை நடக்கவில்லை. இம்மூவரின் விசுவாசத்தைக் குறைவானது என்று சொல்ல யார் துணிவார்?

ஜெபமும் மருந்தும்

இறுதியாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெபிக்கிறோம் என்பதற்காக மருந்தை நிறுத்துவோர் நம்மிடையே உண்டு. மருந்தை உண்டால் விசுவாசம் குறைந்ததாகும் என்று அவர்களுக்குச் சொல்லித் தருவோரும் உண்டு. எசேக்கியா அரசர் நோயுற்றுச் சுவர்ப்புறம் திரும்பி அழுது ஜெபித்தார். பதினைந்து ஆண்டுகள் கூட்டித் தரப்படும் என்ற வாக்குறுதியும் பெற்றார். அந்த வாக்குறுதியைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே, அத்திப்பழ அடையை அரசரின் கட்டியின் மேல் வைக்கச் சொன்னார். ஜெபம் கேட்கப்பட்டது, பற்றும் போடப்பட்டது. இன்சுலின் ஊசியையோ காசநோய் மாத்திரையையோ மருத்துவரைக் கேளாமல் நிறுத்தும்படி யார் சொன்னாலும், அவர் எந்த மேடையில் நின்று சொன்னாலும், அதற்குச் செவிகொடாதிருங்கள்.

இம்மடலை வாசிப்போரில் பல சமயத்தாரும் உள்ளனர். அச்சத்துக்கும் சோர்வுக்கும் சமய வேறுபாடு கிடையாது. உங்கள் வழிபாட்டு முறையில் உங்களுக்கு ஆறுதல் தருவதைப் பற்றிக்கொள்ளுங்கள். கிறிஸ்தவ அன்பருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நோயாளி ஒருவரைக் காணச் செல்லும்போது, அறிவுரைக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமருங்கள். 'எது உங்களுக்குப் பயமாக இருக்கிறது?' என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள். துணைவர் உண்டாரா என்று விசாரித்து, இல்லையெனில் இரண்டு இட்லி வாங்கி வந்து கொடுங்கள். பிறகு, அவர் விரும்பினால், சுருக்கமாக ஜெபியுங்கள்.

இன்றிரவு இங்கே கட்டிலில் கிடந்து அஞ்சும் ஒவ்வொருவரும், இறைவன் தம்மை விட்டு விலகிவிடவில்லை என்பதை அறிவாராக. அவர் அருளும் அமைதி உங்களோடும் உங்கள் இல்லத்தாரோடும் இருப்பதாக.