மலைப்பாதையில் கொதித்த கார்

உத்தமபாளையத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் பாதையை நம்மில் பலர் அறிவோம். கம்பம், கூடலூர் வரை வயல்களும் திராட்சைப் பந்தல்களும் உடன் வரும். லோயர் கேம்ப்பைத் தாண்டியதும் சாலை மலைமீது ஏறத் தொடங்கும். 2011ஆம் ஆண்டு மே மாதம், ஒரு நண்பகல் வேளை. குமுளியில் உறவினர் வீட்டு நிக்காஹ் விருந்துக்காக எங்கள் பழைய மாருதி 800 காரில் சென்று கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் மாமியும் மச்சானும் பிள்ளைகள் இருவரும்.

சில வளைவுகளைக் கடப்பதற்குள் வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தினேன். பெரியாற்று நீர் மின் நிலையத்தை நோக்கிப் பெருங்குழாய்களில் இறங்கிக் கொண்டிருக்கும் மலையில், எங்கள் காருக்கு ஊற்ற ஒரு குவளை நீர் இல்லை! நான் தண்ணீர் தேடிச் சென்ற இடைவெளியில் மச்சான் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். பீறிட்டெழுந்த கொதிநீர் அவருடைய முழங்கை வரை வெந்து போகச் செய்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

ரேடியேட்டர் மூடி, சமையலறைக் குக்கரின் மூடியைப் போன்றது. உள்ளே அழுத்தம் இருப்பதால் நூறு பாகையைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த அக்கணமே அழுத்தம் நீங்கி, அத்தனை நீரும் ஒருசேரப் பொங்கிவிடும். விசில் அடங்காத குக்கரைத் திறக்கக் கூடாது என்பது நம் வீட்டுச் சிறுமிக்கும் தெரியும். கார் என்று வந்தால் பெரியவர்களே மறந்து விடுகிறோம். எஞ்சினை நிறுத்தியபின் அரை மணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருங்கள். மேல் ரப்பர் குழாய் கைக்கு வெதுவெதுப்பாகக்கூட இல்லை என்றானபின் மூடியைத் தொடுங்கள். வெந்த இடத்தில் பற்பசையும் மையும் பூச வேண்டாம். இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, மருத்துவரிடம் செல்லுங்கள்.

மாலையில் ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து ஒரு சிறு வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்து, "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு பாய்? இது இல்லாமலே ஓட்டுங்கள்" என்றார். கார் அதன்பின் சூடேறவில்லை. அன்றிரவு ஊர் திரும்ப அது உதவியது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மார்கழிக் காலைகளில் எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியும் சூடாகவில்லை. பெட்ரோல் செலவும் கூடியது. நம் பகுதியில் இவ்வாறு வால்வு நீக்கப்பட்ட வண்டிகள் பல ஓடுகின்றன. ஆகவேதான் இதனை எழுதுகிறேன்.

அந்த வால்வின் பெயர் தெர்மோஸ்டாட். உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள அதன் நடுவில் ஒரு சிறு செம்புக் கிண்ணம், அதனுள் மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும். நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். 82 பாகையை ஒட்டி மெழுகு உருகி விரிந்து, ஒரு கம்பியைத் தள்ள, வால்வு திறக்கும். வெப்பம் குறைந்தால் மெழுகு சுருங்கும். ஸ்பிரிங் மீண்டும் மூடிவிடும். மின்சாரம் வேண்டாம், மனிதர் கை வேண்டாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவர், நீர்மட்டத்திற்கேற்பத் தாமே திறந்து மூடும் வால்வுகளைத் தம் 'கிதாபுல் ஹியல்' நூலில் விவரித்திருக்கிறார்கள். நீர்மட்டம் செய்த வேலையை இங்கே வெப்பம் செய்கிறது.

மூடியபடியே இந்த வால்வு சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும். எங்களுக்கு நேர்ந்தது அதுவே. அதை அடியோடு நீக்கிவிட்டாலோ எஞ்சின் என்றும் உரிய சூட்டை அடைவதில்லை. எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கருதி, பெட்ரோலை அளக்கும் மின்னணுப் பெட்டி கூடுதலாக ஊற்றுகிறது. ஆவியாகாத ஈரம் ஆயிலில் கலந்து கசடாகிறது, உராய்வும் மிகுகிறது. சில எஞ்சின்களில் வால்வு இல்லாவிடில் நீர் குறுக்கு வழியிலேயே திரும்பிவிடுவதால், மலை ஏறுகையில் வெப்பம் முன்னிலும் அதிகமாகும்.

புதியதை வாங்கி வீட்டு வாசலிலேயே மாட்டினேன். அதற்கு ஒரு காலைப் பொழுது போதும். உங்கள் வண்டியின் மாடலைச் சொல்லி, பழைய வால்வில் பொறித்துள்ள வெப்ப எண்ணையும் காட்டி வாங்குங்கள். புதிய கேஸ்கட்டையும் மறவாதீர்கள். மாட்டுமுன் அதனை நூலில் கட்டி, அடியைத் தொடாதவாறு நீரில் தொங்கவிட்டு அடுப்பேற்றுங்கள். வெப்பமானி தேவையில்லை. நீர் நன்கு கொதிக்கையில் திறந்து, ஆறுகையில் மூடினால் அது நல்ல வால்வு. பழையதையும் இவ்வாறே சோதித்தேன். அது அசையவே இல்லை. ஆனால் கூலண்ட் கொடிய நஞ்சு. பழைய வால்வு வெந்த பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. நான் பால் காய்ச்சும் பாத்திரத்தை எடுத்துவிட்டு என் இல்லாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். பாட்டரியின் கறுப்பு இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பின்னரும் விசிறி சுழலும். கூலண்ட்டை ஒரு பழைய டப்பாவில் பிடியுங்கள், மண்ணில் விடாதீர்கள். அது இனிப்பாக இருக்கும். ஆடும் பூனையும் குடித்தால் மடிந்து போகும், குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரேடியேட்டரின் மேல் குழாய் எஞ்சினைச் சேரும் இடத்தில் ஒரு சிறு மூடி இருக்கும். பெரும்பாலான பழைய கார்களில் அதனடியில்தான் வால்வு அமர்ந்திருக்கும். இரு போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்து, ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துகள் உள்ளே விழாதிருக்க ஒரு துணியை அடைத்துக்கொள்வது நல்லது. பிறகு அதை எடுக்க மறவாதீர்கள்!

மெழுகுக் கிண்ணம் எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் வால்வு உரிய நேரத்தில் திறக்காது. விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேற்புறம் அமையட்டும். சிக்கிய காற்று அவ்வழியே வெளியேறும். போல்ட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். வலிமையைக் காட்டினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். அதன் செலவு வால்வின் விலையைப் போல் பல மடங்கு.

உப்புள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்ற வேண்டாம். உள்ளே படிந்து அடைக்கும். வாலை நீரில் கலந்த கூலண்ட்டை மெல்ல ஊற்றி, பாட்டரியை இணைத்து, மூடி இல்லாமல் எஞ்சினை ஓடவிடுங்கள். காற்றுக் குமிழ்கள் வந்து மட்டம் இறங்கும். மீண்டும் ஊற்றி நிரப்பி, நீர் சூடேறும் முன்பே மூடிவிடுங்கள். பிறகு விசிறியில் படாமல் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருக்கும், திடீரென்று சூடேறும். வால்வு திறந்துவிட்டது!

மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், மட்டத்தை மீண்டும் பார்த்தேன். ஒரு குவளை குறைந்திருந்தது. நிரப்பியபின் அந்த வாரமே குமுளிக்குச் சென்றோம். முள் பாதிக் கோட்டைத் தாண்டவில்லை. மச்சான் மட்டும், மேலே சென்று சேரும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.