தெரிந்த கணக்கைத் திரும்பவும் போடு

கடலூருக்கு மேற்கே சுமார் 6 கிலோமீட்டர் தூரத்தில், கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயிலும், எதிரே ஔஷதகிரியின் மேல் ஹயக்ரீவர் சந்நிதியும் உள்ள ஊர். பரீட்சைக் காலம் வந்தால், கல்விக் கடவுளான ஹயக்ரீவரைத் தரிசிக்க மாணவர்கள் படியேறுகிறார்கள். முகூர்த்த நாள் வந்தால் கலியாணக் கூட்டம் ஊரை நிறைத்துவிடுகிறது. ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் நடந்ததும் உண்டு.

மலைமேல் படிப்பு, மலையடியில் வியாபாரம். மேலே போகிற மாணவன் ஒரே பாடத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டுப் போகிறான். கீழே பூவும் பழமும் விற்பவருக்கு மட்டும் அந்த விதி வேண்டாமா?

இதுதான் தெரியுமே!

தொழிற் பயிற்சி வகுப்புக்குப் போய் வருகிறவர்களில் பலர் ஒரு குறை சொல்வதுண்டு. "புதிதாக என்ன சொன்னார்கள்? முதலைத் தொடாதே, கணக்கு எழுது, கடனைக் குறை என்றார்கள். இதெல்லாம் தாத்தா காலத்திலேயே தெரிந்ததுதானே!" என்பார்கள்.

தெரிந்ததுதான். ஆனால் சிறு கடைகள் பெரும்பாலும் நொடித்துப் போவது தெரியாத விஷயத்தால் அல்ல; தெரிந்ததைக் கைவிட்டதால்தான்.

மலையடியில் ஒருவர் 2,000 ரூபாய்க்குப் பூ வாங்கி 2,600 ரூபாய்க்கு விற்றார் என்று வைத்துக் கொள்ளலாம். லாபம் எவ்வளவு? 600 ரூபாய் என்று சின்னப் பையனும் சொல்லிவிடுவான். அது முதல் பாடம்.

அதே கேள்வியை இரண்டாம் தடவை கேட்க வேண்டும். வண்டிச் சத்தம் 100, பூக் கட்டிய கூலி 300 போனால் மிச்சம் 200 தான். வீட்டுப் பெண்களே கட்டினார்கள் என்றால் அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது வழக்கம். உழைப்பு உழைப்புத்தான், வீட்டார் உழைத்தால் அது இலவசமாகிவிடாது.

மூன்றாம் தடவையும் கேட்க வேண்டும். விற்ற பூவில் 300 ரூபாய் கடனாக நிற்கிறது. அப்படியானால் பெட்டியில் இருப்பது 1,900 ரூபாய். காலையில் கொண்டுபோன முதலை விட 100 குறைவு! ஏட்டிலே லாபம், பெட்டியிலே பற்றாக்குறை. இது தெரியாமல் "600 லாபம்" என்று வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால், மறுநாள் கொள்முதலுக்குக் கையில் 1,300 தான் இருக்கும். மீதிக்கு வட்டிக்கடைதான் கதி.

கேள்வி ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் விடை ஆழமாகிறது. தெரிந்ததைத் திரும்பப் படிப்பதன் பயன் இதுவே.

அன்றைய வழி

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். அதில் முந்திரி என்றால் பண்ருட்டி முந்திரி அல்ல. 320-ல் ஒரு பங்கு. 80-ல் ஒரு பங்கு காணி; 20-ல் ஒரு பங்கு மா. நிலத்தை அளக்கவும், நெல்லைப் பங்கிடவும், வட்டி பார்க்கவும் பிற்காலத்தில் கைகொடுத்தது அந்த வாய்பாடே.

பர்மா, மலேயா, இலங்கையில் தொழில் நடத்திய நகரத்தார் கடைகளிலும் இதே முறைதான். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், அடுத்தாளாகி, ஏஜெண்டாகும் வரை அவன் முன்னால் இருந்தது அதே பேரேடு, அதே ஐந்தொகை. ஏடு மாறவில்லை, பார்க்கிற கண் வளர்ந்தது. இத்தாலியரான லூகா பாச்சோலி 1494-ல் வெனிஸில் அச்சிட்ட நூலில் விளக்கிய பற்று வரவு முறையை வணிகக் கல்லூரிகள் இன்றும் முதல் பாடமாகச் சொல்லித் தருகின்றன.

வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் போதுமா என்று கேட்கலாம். போதாது. பழைய பாடத்தில் இன்றைய தொகையைப் போட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது வாய்க்குத்தான் பாடம்; பெட்டிக்கு அல்ல.

புயல் சொன்ன பாடம்

"கையில் கொஞ்சம் ஒதுக்கி வை" என்பதை அறியாதவர் யார்? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது. கடலூர் மாவட்டத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015-ல் பெருமழையும் வெள்ளமும் வந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில் கதவுகளை மூடியது. முகூர்த்தத்தை நம்பிப் பிழைக்கும் ஊரில் முகூர்த்தக் கூட்டமே இல்லாமற் போனால் என்ன ஆகும்? அன்றுதான் பழைய வார்த்தைக்குப் பொருள் விளங்கும். ஆனால் புயலன்று படிக்கிற பாடத்துக்குக் கூலி அதிகம். நல்ல நாளிலேயே அதைப் படித்துவிடுவது மலிவு.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கிய இந்த இயக்கத்தில் விதிகள் எளியவை: தவறாமல் கூடுவது, தவறாமல் சேமிப்பது, உள்ளுக்குள் கடன் கொடுப்பது, காலத்தில் திருப்புவது, கணக்கை ஒழுங்காக எழுதுவது. ஒவ்வொரு கூட்டத்திலும் இதே ஐந்துதான். ஆனாலும் எந்த வாரம் ஒன்று தவறுகிறதோ, அந்த வாரமே குழு ஆட்டம் காண ஆரம்பிக்கிறது.

ஆகவே புதுத் தந்திரம் தேடிப் போகுமுன், கடைக்காரர் வாரம் ஒரு நாள் பெட்டியைத் திறந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். முதல் முழுசாக இருக்கிறதா? வரவேண்டியது எவ்வளவு? ஒதுக்கியது எவ்வளவு?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. கெடிலக் கரையில் வாழ்பவர்களுக்கு அது தெரியாததல்ல. நேற்று அளந்தாயிற்றே என்று இன்று அளக்காமல் விடக்கூடாது, அவ்வளவுதான்.