கடைப்பெயரும் தமிழ்ப்பெயராகுக!

குழந்தைக்குப் பெயரிடப் பத்து நாள் எண்ணும் தமிழன், தன் கடைக்குப் பெயரிடப் பத்து நொடியும் எண்ணுவதில்லை. கடன்பட்டு முதல் திரட்டுகின்றான். இடம் தேடி முன்பணம் கொடுக்கின்றான். பார்த்துப் பார்த்துச் சரக்கு இறக்குகின்றான். பெயரை மட்டும் பக்கத்துக் கடைப் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்கின்றான். விளைவு யாது? தெரு முழுதும் 'சுடோர்சு', 'டெக்சுடைல்சு', 'மெடிக்கல்சு'! விற்பவன் தமிழன், வாங்குபவள் தமிழச்சி, விலை பேசுவதும் தமிழில், பெயர் மட்டும் அயலது.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகள் (1948) பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்றும், பிறமொழி இருப்பின் அது தமிழுக்குக் கீழேயே இருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றன. தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என இட அளவும் வகுக்கப்பட்டுள்ளது. நன்றே. ஆயினும் 'டெக்சுடைல்சு' என்பதையே தமிழெழுத்திற் பெரிதாக எழுதிவிட்டு, விதியை நிறைவேற்றிவிட்டதாகப் பலர் அமைதி கொள்கின்றனர். வேட்டி கட்டிக்கொண்டதனால் வெள்ளையன் தமிழனாகி விடுவானா? சட்டம் பலகையைத்தான் திருத்தும். பெயரைத் திருத்த வேண்டியவன் கடைக்குரியவனே.

ஆங்கிலப் பெயரன்றிப் பதிவு செய்ய முடியாது என்பது வெற்றச்சம். 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் தமிழ்ப்பெயரைத் தடுக்கவில்லை. தமிழெழுத்திலமைந்த பெயராயின், அதன் ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ விண்ணப்பத்திற் காட்டுமாறு 2017ஆம் ஆண்டு விதிகள் கேட்கின்றன, அவ்வளவே. ஆனால் ஒன்று கருதத்தக்கது. பொருளின் வகையை மட்டும் சுட்டும் பொதுச்சொல், எம்மொழியினதாயினும், ஒருவர்க்கே உரிய குறியாவது அரிது. 'ஆடையகம்' என்று மட்டும் எழுதி உரிமை கோருதல் இயலாது. தொழிற்பெயரோடு தனிப்பெயரும் வேண்டும்.

அதற்கு வழி தேடி அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. 'மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்' என்பது கழகக் காலப் புலவர் ஒருவர் பெயர். மதுரை ஊர், அறுவை வாணிகம், அஃதாவது துணி வணிகம், தொழில், இளவேட்டன் தனிப்பெயர். 'மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்' என்பதும் அத்தகையதே. கூலம் என்பது நெல் முதலிய தவசம். நல்ல கடைப்பெயர்க்கு வேண்டிய மூன்று கூறும் இவற்றிலேயே உள்ளன. நெல்லைத் துணிக்கடை 'பொருநை ஆடையகம்' ஆகலாம். மதுரை ரொட்டிக்கடை 'வைகை அடுமனை' ஆகலாம். மகள் பெயர் கயல்விழியாயின் 'கயல்விழி தையலகம்' எனலாம். நாவில் எளிதாய் நிற்பதும், பிறர் கொண்டிராததும், தொழிலை விளக்குவதுமான பெயரே நற்பெயர்.

மக்களுக்கு விளங்காது என்பர் சிலர். அச்சகம், பதிப்பகம், உணவகம், மருந்தகம் என்பன ஒருகால் புதுச்சொற்களே. பலகையிற் கண்டு கண்டே மக்கள் அவற்றைத் தமதாக்கிக் கொண்டனர். ஈழத்தில் 'பேக்கரி' வெதுப்பகம் என வழங்குவதும் அவ்வாறே.

பள்ளிச் சிறுவன் பாடப் பொத்தகத்தில் 'மருந்தகம்' என்று படிக்கின்றான். தெருவில் 'மெடிக்கல்சு' என்று காண்கின்றான். தமிழ் தேர்வுக்கு, ஆங்கிலம் வாழ்வுக்கு என்று அவனே முடிவு கட்டிக்கொள்கின்றான். ஆசிரியர் ஆண்டு முழுதும் ஊட்டியதைத் தெருப்பலகை ஒரே நாளில் உமிழச் செய்கின்றது. கடைப்பெயர் கடைக்காரனோடு நிற்பதன்று. அடுத்த தலைமுறையின் நாவைப் பற்றியது.

புதுத்தொழில் தொடங்குவோர் பதிவுக்கு முன்னரே பெயரை முடிவு செய்தல் வேண்டும். வங்கிக் கணக்கும் பற்றுச்சீட்டும் அயற்பெயரில் ஏறியபின் மாற்றுவது பெருந்தொல்லை. எனினும் ஒல்லாததன்று. வேதாசலம் என்னும் பெயரோடு நாற்பது அகவை வாழ்ந்தவர் மறைமலையடிகளானார். 'ஞானசாகரம்' என நடந்துவந்த தம் இதழை 'அறிவுக்கடல்' ஆக்கினார். நன்கறியப்பட்ட பெயரையே அவர் மாற்றினார். இன்னும் கதவு திறவாத கடைக்கு ஒரு தமிழ்ப்பெயர் வைக்கத் தமிழனுக்கு என்ன தடை?