வீட்டுக்கொரு கார் வேண்டுமா?

யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மவர் சொல்வார்கள். அந்தச் சொல்லின் பொருளை 2019-ஆம் ஆண்டு வரை நான் கேள்வியளவில்தான் அறிந்திருந்தேன். அவ்வாண்டு ஒரு காரை வாங்கி வாசலில் நிறுத்திய பின்னரே அதனை அனுபவத்தில் அறிந்தேன். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்த யானைக்குத் தீனி போட்டு, 2023 தை மாதத்தில் அதனை விற்று, இப்பொழுது குடும்பத்தோடு மிதிவண்டியில் போய்வருகிறேன். இதனை ஒரு சாதனையாகச் சொல்ல நான் வரவில்லை. நம் சங்கத்து அங்கத்தினர் யோசிக்கத்தக்க செய்தி ஒன்று இதில் இருக்கிறது. அதனை அவர்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

எங்கள் ஊர் சென்னிமலை. வீட்டில் இரண்டு கைத்தறிகள் உண்டு. நானும் என் மனைவியும் போர்வையும் படுக்கை விரிப்பும் நெய்கிறோம். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலமும் இருக்கிறது. மூத்த மகளுக்கு வரன் பார்த்த காலத்தில், "மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசலில் ஒரு வண்டி நின்றால் மதிப்பாக இருக்கும்" என்று உறவினர் ஒருவர் சொன்னார். மதிப்பு என்ற சொல்லுக்கு மயங்காதார் யார்? பழைய கார் ஒன்றை ரூ.3,20,000-க்குப் பேசி முடித்தேன். கையிருப்பு ரூ.70,000 போக, மீதி ரூ.2,50,000-க்கு ஐந்தாண்டுத் தவணைக் கடன் எழுதிக் கொடுத்தேன். மாதத் தவணை ரூ.5,560. திருமணம் நல்லபடியாக நடந்தேறியது. ஆனால் அவர்கள் பெண் பார்க்க வந்த நாளில் அந்தக் கார் பட்டறையில் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஆண்டில் நோய்த்தொற்று வந்தது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. நூல் வரவில்லை; நெய்த சரக்கும் போகவில்லை. தறி நின்றது, தவணை நிற்கவில்லை. சில மாதங்கள் ஒத்திவைக்கச் சலுகை தந்தார்கள் என்றாலும், ஒத்திவைத்த தொகைக்கு வட்டி ஏறியது. ஓடாத வண்டிக்கு வட்டி கட்டியவன் என்ற பெருமை அப்பொழுது எனக்குக் கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டில் பெட்ரோல் விலை லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டது.

கணக்குப் பார்க்காமல் செய்த காரியத்திற்குப் பின்னராவது கணக்குப் பார்ப்போம் என்று, 2022 சனவரி முதல் நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். கார் எடுத்த ஒவ்வொரு முறையும் எங்கே போனோம், எதற்குப் போனோம், எவ்வளவு தூரம் என்று இளைய மகள் எழுதி வைத்தாள். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தபோது மொத்தம் 212 பயணங்கள். அவற்றுள் 171 பயணங்கள் ஐந்து கிலோமீட்டருக்கு உட்பட்டவை: சங்கத்துக்கு, நியாயவிலைக் கடைக்கு, சந்தைக்கு, பள்ளிக்கு, தோட்டத்துக்கு. ஈரோடு, பெருந்துறை முதலிய, பேருந்து போகும் ஊர்களுக்குச் சென்றவை 33. கார் இல்லாவிட்டால் உண்மையாகவே இடர்ப்பட்டிருப்போம் என்று சொல்லத்தக்கவை எட்டே எட்டு. தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றவை, மூத்த மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்தது, நள்ளிரவில் துக்கத்துக்குப் போனது ஆகியவையே அவை.

அவ்வாண்டில் தவணை, பெட்ரோல், காப்பீடு, பழுது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ரூ.1,20,000 செலவாகியிருந்தது. அந்த எட்டு அவசியப் பயணங்களுக்கு அதனை வகுத்தால் ஒன்றுக்கு ரூ.15,000 ஆகிறது. ஒரு பயணத்துக்குப் பதினையாயிரம் ரூபாய் கொடுக்கும் நெசவாளன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். பின்னர்த் தெருவைப் பார்த்தேன். எங்கள் தெருவில் மேலும் நான்கு வாசல்களில் கார் நின்றது. விசாரித்ததில் அவற்றுள் மூன்றின் மீது கடன் இருந்தது.

காரை விற்றுக் கடன் பாக்கியைத் தீர்த்தேன். மிஞ்சியதில் எனக்கும் மனைவிக்கும் இரண்டு மிதிவண்டிகள் வாங்கி, மீதியைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைப்பாகப் போட்டேன். மகளுக்கு வாங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பதினோராம் வகுப்பு மாணவர்க்கு அரசு விலையின்றி வழங்கும் மிதிவண்டி அவளுக்கும் கிடைத்திருந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துப் பள்ளிக்கு அவளை நான் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருக்க, அந்தப் புது வண்டி தறிக்கூடத்துச் சுவரோரம் காற்றிறங்கிக் கிடந்தது. அதனைத் துடைத்து எண்ணெய் போட்ட அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் சில வாரங்கள் எளிதாக இருக்கவில்லை. "ஏனுங்க அண்ணா, காரை வித்துப்போட்டீங்களாமா? கையில ஏதாச்சும் முடைங்களா?" என்று கேட்டவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் விடை சொல்லிச் சலித்த என்னிடம் என் மனைவி, "கணக்கு நோட்டு இருக்குதுங்கல்ல? கேக்கிறவங்களுக்கு அதைப் படிச்சுக் காட்டுங்க" என்றாள். அவள் சொன்னபடியே செய்தேன். கேட்டவர்களுள் இருவர் தாமும் நோட்டுப் போட்டிருக்கிறார்கள்.

என் மனைவிக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியாது. நாற்பத்தாறாம் வயதில், மகள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, வாய்க்கால் கரைப் பாதையில் பதினைந்து நாட்களில் கற்றுக்கொண்டாள். இதில் வியப்பில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கற்பித்தபோது, கூலிவேலை செய்த பெண்களும் கல்லுடைத்த பெண்களும் ஆயிரக்கணக்கில் முன்வந்து கற்றார்கள். யாருடைய துணைக்கும் காத்திராமல் புறப்படும் உரிமையை அவர்களுக்கு அந்த இரண்டு சக்கரங்கள் தந்தன. இப்பொழுது என் மனைவி நெய்த துணிகளைக் கட்டாகக் கட்டிப் பின்னிருக்கையில் வைத்து, தானே சங்கத்துக்குக் கொண்டுபோய், கூலியைத் தன் கையால் வாங்கி வருகிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாடு கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறது. ஆகையால் பெட்ரோலுக்குக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி ஊரைவிட்டு, ஏன், நாட்டையே விட்டுப் போய்விடுகிறது. மிதிவண்டிக்குப் பஞ்சர் ஒட்டக் கொடுக்கும் பணமோ நம் கடைத்தெருவிலேயே தங்குகிறது. உள்ளூர்ப் பணம் உள்ளூரில் சுழல வேண்டும் என்பது நாம் சங்கம் வைத்திருப்பதன் காரணங்களுள் ஒன்றல்லவா?

இவ்வளவும் நலமே. ஆயினும் என் கட்சிக்கு மாறான ஓர் இரவும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. 2023 கார்த்திகையில் ஒரு நள்ளிரவில் என் தாயாருக்கு மூச்சுத் திணறியது. 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஊர்தியை அழைத்தேன். அது வருவதற்கு இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. தாயாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கார் நின்ற வெற்றிடத்தைப் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மதிப்புக்காக வாங்கியவன், சிக்கனத்துக்காக விற்றுத் தாயைப் பறிகொடுக்கப் போகிறேனோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. விற்றது பிழை என்றே அப்பொழுது எண்ணினேன். ஊர்தி வந்தது. அதில் பிராணவாயு இருந்தது. அதனைக் கொடுக்கத் தெரிந்தவரும் இருந்தார். என் காரில் அவை இருந்திருக்கமாட்டா. நடுங்கும் கையோடு நானே ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். மூன்றாம் நாள் தாயார் வீடு திரும்பினார்.

ஆனால் வீடு திரும்புவதற்கு 108 வராது. அதன் பின் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவதற்கும் வராது. ஆபத்துக்கு அரசின் ஊர்தி, அன்றாடத்துக்கு மிதிவண்டி, தூரத்துக்குப் பேருந்து. இவை மூன்றும் எட்டாத ஓர் இடைவெளி இருக்கிறது. பேருந்தில் ஏற முடியாத முதியவரும், கருவுற்ற பெண்ணும், அறுவைச் சிகிச்சை முடிந்து வருபவரும் அந்த இடைவெளியில்தான் தவிக்கிறார்கள். ஆண்டுக்கு எட்டு நாள் வரும் அந்தத் தேவைக்காகவே நாம் ஒவ்வொருவரும் முந்நூற்று அறுபத்தைந்து நாள் கடன் சுமக்கிறோம்.

அன்பர்களே, தனியொருவனால் தாங்க முடியாததைப் பலர் சேர்ந்து தாங்குவதற்குத்தானே கூட்டுறவு பிறந்தது? 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் மெழுகுவத்தியும் விற்கும் ஒரு கடையைத் திறந்தார்கள். காருக்கும் இந்த வழி பொருந்தும் என்பதை 1948-லேயே சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தார் காட்டினார்கள். அங்கே ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவைச் சேர்ந்தவர்கள், தனித்தனியே கார் வாங்க வசதியில்லாதபடியால், பொதுவில் கார் வைத்து முறைபோட்டுப் பயன்படுத்தினார்கள். பின்னர் 1987-இல் அந்நாட்டில் தோன்றிய இரு கூட்டுறவுகள் 1997-இல் ஒன்றாக இணைந்து, மொபிலிட்டி என்ற பெயரில் நாடு முழுவதும் கார்களைப் பகிர்ந்து கொடுத்து வருகின்றன. செல்வம் மிகுந்த நாட்டாரே பகிர்ந்து கொள்ளும் ஒன்றை, கூலிக்கு நெய்யும் நாம் வீட்டுக்கு ஒன்றாக வாங்குவானேன்?

ஆதலின் நான் முன்வைக்கும் யோசனை இது: நம் சங்கம் ஒரு வண்டி வாங்கட்டும். விரும்பும் அங்கத்தினர் அதற்கெனப் பங்குத் தொகை செலுத்தலாம். துணைவிதிகளில் இதற்கு இடமில்லையெனில், பேரவைக் கூட்டத்தில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவாளரின் ஒப்புதலைப் பெறலாம். கட்டணம் வாங்கி ஓட்டுவதென்றால் அதற்குரிய பதிவும் அனுமதியும் காப்பீடும் முறைப்படி எடுக்க வேண்டும். உரிமம் பெற்ற உள்ளூர் இளைஞர் ஒருவருக்கு வேலையும் கிடைக்கும். நோயும் பிரசவமும் முதலிடம் பெற வேண்டும். திருவிழாவும் விருந்தும் பிறகே. நிர்வாக சபையார் உட்பட எவருக்கும் வரிசையில் சலுகை கூடாது. பயணக் கணக்கு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி சங்கக் காரியாலயத்தில் தொங்க வேண்டும். பொதுச் சொத்து எவர் பொறுப்பும் இன்றிப் பாழாகும் என்று சிலர் அஞ்சுவர். நூலும் பணமும் பொதுவில் வைத்து ஆளத் தெரிந்த நமக்கு நான்கு சக்கரங்களை ஆளத் தெரியாதா?

மிதிவண்டிக்கும் நம் கடமை ஒன்றுண்டு. "வெயில் பொறுக்கலாம், சாலையைத்தான் பொறுக்க முடியவில்லை" என்று பலர் சொல்கிறார்கள். உண்மை. பின்னால் பாரவண்டி வரும்போது ஒதுங்க ஓரமில்லாத சாலையில் மகளை அனுப்பிவிட்டு, மாலை வரை மனம் தறியில் நிற்பதில்லை. இன்று மக்கள்தொகையைவிட மிதிவண்டிகள் மிகுந்த நெதர்லாந்து நாட்டிலும் ஒரு காலத்தில் கார்களே தெருவை ஆண்டன. 1971-இல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 3,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர, அந்நாட்டார் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகளை அமைக்கத் தலைப்பட்டனர். பாதை தானாக வரவில்லை, கேட்டதனால் வந்தது. பள்ளிக்கும் சந்தைக்கும் சங்கத்துக்கும் போகும் சாலைகளின் ஓரத்தைத் தார் மட்டத்துக்கு நிரவித் தருமாறு, நாமும் அங்கத்தினர் அனைவரின் கையொப்பத்தோடு உரிய அதிகாரிகளிடம் கேட்போம். தனி மனிதன் கேட்டால் மனு. சங்கம் கேட்டால் கோரிக்கை.

கார் வைத்திருப்பவர் எல்லாரும் நாளையே விற்றுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொழிலுக்கு அது இன்றியமையாதவர்களும் உண்டு. வாங்க எண்ணியிருப்பவர்கள், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் ஒரு மாதம் நோட்டுப் போட்டுப் பாருங்கள். எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள், எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். அந்த நோட்டை அடுத்த பேரவைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். என்னுடையதை நான் கொண்டுவருகிறேன். என் தாயாருக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் அடுத்த வண்டி நம் சங்கத்தின் வண்டியாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

— ஒரு நெசவாளர் அங்கத்தினர்