பூனை ஏன் ஓயாமல் கத்துகிறது?

ஐந்தாறு மாதப் பெண் பூனை ஒருநாள் ராத்திரி திடீரென்று அடித்தொண்டையில் கதறத் தொடங்கும். தரையில் புரளும், காலைச் சுற்றிச் சுற்றி உரசும். முதுகைத் தடவினால் முன்பாதியைத் தரையோடு அழுத்திப் பின்பாதியைத் தூக்கும். வாலை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு பின்னங்கால்களால் நின்ற இடத்திலேயே மிதிக்கும். வயிற்றுவலி என்று பயந்து மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. வலி ஒன்றும் இல்லை, பூனை பருவத்துக்கு வந்திருக்கிறது. நாய் வளர்த்துப் பழகியவர்கள் ரத்தக் கசிவு எங்கே என்று தேடுவார்கள். பூனைக்கு அது பொதுவாக வராது. வந்தால்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

'நாலு நாள் கத்திவிட்டு அடங்கிவிடும்' என்பார்கள். பாதி சரி. ஒரு வாரத்தில் அடங்கும், அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். மாட்டுக்கும் நாய்க்கும் சினைமுட்டை தானாகவே வெளிப்படும். பூனைக்கோ பெரும்பாலும் இணைசேர்ந்தால்தான் வெளிப்படும். கடுவனின் குறியில் இருக்கும் நுண்ணிய முட்கள் தருகிற தூண்டல் மூளைக்கு எட்டி, அங்கிருந்து ஹார்மோன் சுரந்து, ஒன்றிரண்டு நாளில் முட்டை வருகிறது. (பல கடுவன்களோடு சேர்ந்தால் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருப்பதும் நடக்கும்.) துணை கிடைக்காத பூனைக்கு முட்டை வெளிப்படாமலே அந்தச் சுற்று கலைந்து, அடுத்தது தொடங்குகிறது.

குளிர்காலத்தில் இது நின்றுவிடும் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கும் ஊர்களுக்கு அது பொருந்தும். மார்கழியிலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் உள்ள சென்னையிலோ மதுரையிலோ பூனைக்கு அந்த ஓய்வை எதிர்பார்க்க முடியாது. சினைக்காலம் ஏறத்தாழ 65 நாள்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினைப்படலாம்.

கருத்தடை என்றதும், 'பாவம், ஒரு ஈற்றாவது போடட்டும்' என்ற குரல் வரும். அதனால் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை, நஷ்டம்தான் உண்டு. முதல் பருவத்துக்கு முன்பே அறுவைசிகிச்சை செய்துவிட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பூனைக்கு வரும் மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான் என்பதால் இது சின்ன விஷயமல்ல. கருப்பையில் சீழ் கோத்து உயிருக்கே ஆபத்தாகும் நிலையையும் தவிர்க்கலாம். ஊசி போட்டோ மாத்திரை கொடுத்தோ பருவத்தைத் தள்ளிப்போட முடியாதா என்று கேட்பவர்கள், அந்த ஹார்மோன் மருந்துகளே கருப்பைச் சீழையும் மார்பக வீக்கத்தையும் கொண்டுவரக்கூடியவை என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

நான்கைந்து மாத வயதிலேயே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. முழு மயக்கத்தில் சினைப்பைகளையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அநேகமாக அன்றைக்கே வீடு திரும்பலாம். பத்து நாள் போலத் தையலை நக்கவிடாமல் கழுத்தில் கூம்பு மாட்டிவைப்பதுதான் வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாடு. பிறகு பசி கூடும், எடை ஏறும். சோற்றையும் மீனையும் அளவாக வைக்க வேண்டியதுதான்.

பருவத்தில் இருக்கும்போது ரத்த ஓட்டம் கூடியிருக்கும் என்பதால் சில மருத்துவர்கள் அறுவைசிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள். அதுவரை பாத்ரூம் ஜன்னலைக்கூடத் திறந்துவிடாதீர்கள். கூடவே வளரும் அண்ணன் குட்டி ஐந்தாறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அதையும் தனி அறையில் விடுங்கள். அந்த உறவெல்லாம் பூனைகளுக்குக் கணக்கில்லை.