காரை விட்டு இறங்குங்கள்!

கோடைக்கானல் போய்த் திரும்பிய எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். "ஒரே நாளில் பன்னிரண்டு இடம் பார்த்துவிட்டோமாக்கும்!" என்பார் வீட்டுக்காரர். "தூண் பாறை, குணா குகை, வெள்ளி அருவி" என்று குழந்தைகள் விரல் விட்டு எண்ணும். வீட்டு அம்மாளைக் கேட்டாலோ, "நான் எங்கே பார்த்தேன்? வளைவில் வளைவில் சின்னவனுக்கு வாந்தி. அவனை மடியில் போட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தேன்" என்பார்.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் ஏழாயிரம் அடி ஏறிப் போய், கார் ஜன்னலை மட்டும் பார்த்துவிட்டு வருவதா? என்ன அநியாயம் இது!

சகோதரிகளே, அடுத்த தடவை இரண்டு நாள் தங்குவதாகப் போங்கள். காரை விடுதி வாசலிலேயே நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் சமவெளியின் வெயிலுக்கும் விஷ ஜுரத்துக்கும் பயந்து இங்கே வீடு கட்டியபோது மோட்டார் ஏது, ரோடு ஏது? நடந்தோ, குதிரை மேலோ, டோலியிலோதான் வந்தாக வேண்டும். அப்படிக் கால்நடையாக வந்தவர்களுக்காக எழுந்த ஊர் இது. அதன் அழகும் நடப்பவர்களுக்குத்தான் முழுதாகக் கிடைக்கிறது.

முதல் நாள் காலை காபி ஆனதும் கோக்கர்ஸ் வாக் போங்கள். 1872-ல் கோக்கர் என்ற துரை மலை விளிம்பை ஒட்டிப் போட்ட பாதை. சுமார் ஒரு கிலோமீட்டர். கீழே சமவெளி முழுவதும் கோலம் போட்ட வாசல் மாதிரி விரிந்து கிடக்கும். நேரம் ஏற ஏற மூடுபனி வந்து திரை போட்டுவிடும். ஆகையால் சோம்பல் உதவாது. வெயில் முதுகுப் பக்கம் அடித்து, எதிரே பனி எழும் வேளையில், சில சமயம் உங்கள் நிழலே பனியின் மேல் பெரிதாக விழும். அதன் தலையைச் சுற்றி வானவில் வளையமும் தெரியும். எல்லோருக்கும் வாய்க்காது. வாய்த்தால் அதிர்ஷ்டம்தான்!

அங்கிருந்து ஏரிக்கு இறங்கலாம். இயற்கையான ஏரி என்றே பலரும் நினைக்கிறார்கள். 1863-ல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை, ஓடைகளுக்குக் குறுக்கே அணை போட்டுத் தேக்கிய தண்ணீர் இது. சுற்றி வர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். ரோடு பெரும்பாலும் சமமானதுதான். மாமியாருக்கு முழங்கால் வலியா? முடிந்த மட்டும் நடந்துவிட்டு அவர் படகில் ஏறிக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு வாடகைச் சைக்கிள் இருக்கிறது. பக்கத்திலேயே 1908-ல் பிரையன்ட் துரை அமைத்த பூங்கா. ரோஜாக்களைப் பார்த்தபடி கட்டுச்சாதத்தை முடித்துக்கொள்ளலாம்.

மறுநாள் குறிஞ்சி ஆண்டவர் கோயில். ஊரிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். இதைக் கட்டுவித்தவர் ஒரு பெண்மணி. அதிலும் வெள்ளைக்காரப் பெண்மணி! யாழ்ப்பாணத்துச் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இந்து சமயத்தைத் தழுவி, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்டவர். 1936-ல் முருகனுக்கு இங்கே கோயில் எழுப்பினார். வானம் தெளிந்திருந்தால், கோயிலிலிருந்தே கீழே பழனி தெரியும். குறிஞ்சிப் பூவைத் தேடாதீர்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் அது பூக்கும். 2018-ல் பூத்தது. இனி 2030-ல். இப்போதே நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் காலில் தெம்பிருந்தால், சூரியனை ஆராயும் வானிலைக்கூடத்துக்கு ஏறுங்கள். பார்வை நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. 1901 முதல் இங்கே சூரியனைக் கவனித்து வருகிறார்கள். சூரியனின் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்பதை 1909-ல் எவர்ஷெட் என்பவர் கண்டுபிடித்தது இங்கேதான். அவர் மனைவி மேரியும் வானியல் அறிந்தவர். கணவரோடு சேர்ந்து இங்கே சூரியனை ஆராய்ந்தார். குன்றின் மேல் குடித்தனமும் நடத்திக்கொண்டு, சூரியனையும் கவனித்திருக்கிறார் அந்த அம்மாள். நமக்கு மலையைப் பார்க்க ஒரு காலைப் பொழுது கிடைக்காதா?

கிடைக்கும்; ஆனால் கேட்டு வாங்க வேண்டும். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டுவது, ஃபிளாஸ்கில் பால் ஊற்றுவது, பையைக் காவல் காப்பது எல்லாம் ஒருவர் தலையிலேயே விழுந்தால், அதற்குப் பெயர் உல்லாசப் பயணமா? மலை மேல் நடக்கும் சமையற்கட்டு அல்லவா அது! ஊரிலிருந்து புறப்படும்போதே பேசி வைத்துவிடுங்கள். ஒரு நாள் காலை குழந்தைகள் அப்பாவின் பொறுப்பு. ஓரகத்தியையோ நாத்தனாரையோ கூட்டிக்கொண்டு, நீங்கள் கை வீசி நடந்து வாருங்கள். வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுக்க இரண்டு நிமிஷம்தான் பிடிக்கும்!

சில்லறை யோசனைகள்: சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர்கள் முன்னதாக இ-பாஸ் பதிந்துகொள்ள வேண்டும் என்று 2024 மே மாதத்தில் விதி வந்தது, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உண்டு. மலைப்பாதை வளைவுகளுக்கு உப்பில் ஊறிய நார்த்தங்காய் கைகண்ட மருந்து. புதுச் செருப்பு வேண்டாம். பழகின செருப்பே உத்தமம்.

திரும்பும்போது மலைப்பூண்டு வாங்க மறக்காதீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. காரமும் மணமும் அலாதி. ஆனால், பூண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும் வேலை மட்டும் வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும்!